டாஹோ 5.3 லிட்டர்: இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் நாக் சென்சாரை வீட்டிலேயே மாற்றுவது

#1 மணல்காற்று, ஷார்ஜா

வண்டி 2004 செவர்லே டாஹோ, 5.3 லிட்டர் வி8. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0332 மட்டும்தான், அதாவது நாக் சென்சார் (இன்ஜின் தட்டலைக் காதுபோலக் கேட்டுக் கணினிக்குச் சொல்லும் உறுப்பு) கோட். அழித்தால் ஓரிரு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. மேடேறும்போது இழுவை குறைவு, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. சென்சார், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கிறது என்று தெரியும். வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று கேள்விகள். பிரிப்பதற்கு முன்பே சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதி செய்ய வழி உண்டா? பின்பக்கச் சென்சாரை மட்டும் மாற்றினால் போதுமா? என்னென்ன முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்?

#2 எட்டு எம்எம், ஹூஸ்டன்

உண்டு, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஒரு மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும்.

இந்த இன்ஜினில் இரண்டு நாக் சென்சார். இரண்டுமே பிளாக்கின் நடுப் பள்ளத்தில், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, குழிக்குள் செங்குத்தாக மரையில் ஏறி நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒற்றை வயர். இரண்டும் ஒரு குட்டி ஹார்னஸாக (வயர்க்கட்டாக) சேர்ந்து மேனிஃபோல்டின் பின்புறம் ஒரு கனெக்டரில் முடியும். அந்தக் கனெக்டர் மேனிஃபோல்டைக் கழற்றாமலே கைக்கு எட்டும்.

சாவியை அணைத்து, கனெக்டரைப் பிரியுங்கள். கனெக்டரின் சென்சார் பக்கத்து உலோக முனை ஒவ்வொன்றுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல சென்சார் 93 முதல் 107 கிலோ ஓமுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சென்சாரோ குட்டி ஹார்னஸோ அறுந்துவிட்டது. சில கிலோ ஓம்தான் என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டு முனையும் 100-ஐ ஒட்டி இருந்தால் மேனிஃபோல்டைத் தொடாதீர்கள். கோளாறு கனெக்டரிலிருந்து கணினி வரை போகும் வயரில். கருநீலமும் வெளிர்நீலமுமாக இரண்டு வயர் போகும், எலி கடித்திருக்கிறதா என்று அதன் வழி முழுக்கப் பாருங்கள்.

பொதுவாக பி0327 முன் சென்சார், பி0332 பின் சென்சார். ஆனால் எது போனாலும் இரண்டையும் குட்டி ஹார்னஸோடு சேர்த்தே மாற்ற வேண்டும். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு மேனிஃபோல்டைத் தூக்கி வைப்பதுதான். முன் சென்சாருக்கும் அதே வயது.

#3 திருகுவிசை

மேலே சொன்னதோடு ஒன்று. பி0327, பி0332 இரண்டும் இன்ஜின் தட்டுகிறது என்று சொல்லும் கோட் அல்ல. சென்சாரிடமிருந்து வர வேண்டிய இரைச்சல் வரவில்லை என்று சொல்லும் கோட். காது கேட்காமல் போனதால் கணினி பாதுகாப்புக்காக இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்து வைக்கிறது. இழுவை குறைவதும் பெட்ரோல் செலவாவதும் அதனால்தான். எனவே ஆக்டேன் கூட்டிப் போட்டுப் பார்ப்பது வீண். இந்த இன்ஜின் அமெரிக்கக் கணக்கில் 87-க்கு அமைத்தது, உங்கள் ஊர்ப் பம்பில் 91 என்று போட்டிருப்பது ஏறக்குறைய அதேதான். சென்சார் செத்திருக்கும்போது 98 ஊற்றினாலும் டைமிங் முன்னே வராது.

#4 மணல்காற்று, ஷார்ஜா

அளந்தேன். ஒரு முனை 100.6 கிலோ ஓம். இன்னொன்று ஒன்றுமே காட்டவில்லை. கனெக்டரின் கணினிப் பக்கம் சுத்தமாக இருக்கிறது, பச்சை பூக்கவில்லை. பிரிக்க முடிவு செய்துவிட்டேன்.

#5 எட்டு எம்எம், ஹூஸ்டன்

சரி. கையில் இருக்க வேண்டியவை:

சென்சார் இரண்டு, ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம்) எண் 12589867. குட்டி ஹார்னஸ் ஒன்று, 12601822. மேனிஃபோல்டு போர்ட் கேஸ்கெட் செட் ஒன்று. மேப் சென்சாரின் (மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளப்பது) அடி ரப்பர் சீல். நீல நிற, நடுத்தரப் பிடிப்புள்ள த்ரெட்லாக்கர் ஒரு சிறு குப்பி. எண்ணெய் தாங்கும் சிலிகான் ஒரு ட்யூப். பஞ்சு உதிராத துணி.

கருவிகள்: 8 மிமீ ஆழ சாக்கெட், 10 மிமீ, 13 மிமீ, 22 மிமீ ஆழ சாக்கெட். கடைசியாகச் சொன்னது ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை துருப்பிடித்த தலையை வழுக்கி உருட்டிவிடும். 3/8, 5/16 அங்குல ஃப்யூயல் லைன் கழற்றும் வளையங்கள். 5 நியூட்டன் மீட்டர் வரை கீழே இறங்கும் சிறிய டார்க் ரெஞ்ச். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்சை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது, அந்த அளவில் அது சரியாகக் காட்டாது.

ஆயில் பிரஷர் சென்சாரும் மேனிஃபோல்டுக்குப் பின்னாலேதான் நிற்கிறது. டாஷில் எண்ணெய் முள் திடீரென்று பூஜ்யத்துக்கோ 80-க்கோ ஓடினால் பெரும்பாலும் அதுதான் காரணம். மேனிஃபோல்டு போட்டிருக்கும்போது அதைக் கழற்றக் கை முறுக்கிக்கொள்ளும்; கழற்றியிருக்கும்போது 27 மிமீ சாக்கெட்டில் ஐந்து நிமிடம். புதிது ஒன்று வாங்கி வையுங்கள்.

#6 யாழ்நிலவன், ஸ்கார்பரோ

மணல்காற்று அண்ணை, ரெண்டு விசயம் முதலே சொல்லிப் போடுறன்.

இன்ஜின் முழுக்க ஆறின பிறகுதான் கை வையுங்கோ. பிளாக் இரும்பு, ஹெட் ரெண்டும் அலுமினியம். மேனிஃபோல்டு போல்ட் பத்தும் அந்த அலுமினியத்துக்குள்ளதான் ஏறுது. சூட்டோட கழட்டினாலும் இறுக்கினாலும் மரை போயிடும். உங்கட ஊர் வெயிலுக்கு இரவு விட்டுட்டு விடியக் காலமை துவங்கிறதுதான் நல்லம்.

அடுத்தது பெட்ரோல். ஓடுற நேரம் லைனில 55 முதல் 62 பிஎஸ்ஐ வரை பிரஷர் நிக்கும், நிப்பாட்டினாலும் கன நேரம் அப்பிடியே இருக்கும். ஃப்யூயல் ரெயிலில டயர் வால்வு மாதிரி ஒரு வால்வு இருக்கு. அதைத் துணியால சுத்திப் பிடிச்சுக்கொண்டு மெதுவா அமத்தி இறக்குங்கோ. பிறகுதான் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, லைனைப் பிரியுங்கோ. கண்ணாடி போடுங்கோ, பக்கத்தில ஹீட்டரோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

#7 எட்டு எம்எம், ஹூஸ்டன்

யாழ்நிலவன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். இனி வரிசை.

மேல் பிளாஸ்டிக் கவர், ஏர் டக்ட் இரண்டையும் எடுத்த பிறகு, வேறெதையும் பிரிக்கும் முன், மேனிஃபோல்டைச் சுற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். குறிப்பாக மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பு. அங்கே மணல் வரப்புக் கட்டி நிற்கும். தூக்கியதும் அது நேராக இன்டேக் போர்ட்டுக்குள் விழும். இந்த வேலையில் இன்ஜினையே கெடுக்கக்கூடிய தவறு இது ஒன்றுதான், அதனால் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

எட்டு இன்ஜெக்டர் கனெக்டர், த்ராட்டில் பாடி கனெக்டர், பர்ஜ் சோலனாய்டு, பின்னால் மேப் சென்சார், ஆயில் பிரஷர் சென்சார், நாக் ஹார்னஸ், எல்லாவற்றையும் பிரித்து வயரிங்கை ஓரமாகக் கட்டிவிடுங்கள். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருவது), பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், இரண்டையும் கழற்றுங்கள். த்ராட்டில் பாடிக்கு இரண்டு சின்ன கூலன்ட் ஹோஸ் வந்தால் அவற்றில் கொஞ்சம் வடியும், கீழே துணி போதும், ரேடியேட்டரைக் காலி செய்ய வேண்டாம். பெட்ரோல் லைன் சில வண்டியில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. வளையத்தை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டும். வளையம் முழுதாக உள்ளே போகாமல் இழுத்தால் உள் பூட்டு வளைந்து, திரும்பப் போடும்போது கசியும்.

ஃப்யூயல் ரெயிலைத் தனியாகக் கழற்ற வேண்டியதில்லை. இன்ஜெக்டர்களோடு சேர்த்து மேனிஃபோல்டு ஒரே துண்டாக வரும். 8 மிமீ தலையுள்ள பத்து போல்ட்டை ஓரத்திலிருந்து நடு நோக்கித் தளர்த்துங்கள். முன்பக்கத்தைச் சற்றே தூக்கி, பின்னால் ஏதாவது வயரோ ஹோஸோ மாட்டியிருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே முழுதாக எடுக்க வேண்டும். வராமல் நிற்கிறது என்றால் எதையோ பிரிக்க மறந்திருக்கிறீர்கள். நெம்பாதீர்கள், பிளாஸ்டிக்.

எடுத்த உடனே எட்டு போர்ட்டையும் மூடுங்கள். அகல டேப் ஒட்டினால் சிறப்பு. துணி அடைத்தால் எத்தனை அடைத்தீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள்.

#8 எட்டு எம்எம், ஹூஸ்டன்

தொடர்ச்சி, சென்சார் பகுதி.

குழிகளின் மேல் ரப்பர் மூடி இருக்கும். மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் சுற்றிச் சுற்றிக் கிளப்புங்கள். பழசு நொறுங்கினால் துணுக்குகளைக் குழிக்குள் விடாதீர்கள். பின் குழியில் தண்ணீரோ செந்நிறச் சேறோ நிற்க வாய்ப்பு மிக அதிகம். சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, வேக்குவம் போட்டு, உலர்ந்த பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். சாக்கெட் தலையின் மேல் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரே சீரான விசையில் திருப்புங்கள். துரு தின்ற சென்சாரின் மேல்பகுதி உடைந்து கையோடு வந்தாலும் பயம் வேண்டாம், அறுகோணம் கீழே இருக்கிறது, சாக்கெட் அதைப் பிடிக்கும்.

பழைய செவர்லே 350-ல் நாக் சென்சார் கூலன்ட் வழியில் நிற்கும், கழற்றியதும் கூலன்ட் கொட்டும். இதில் அப்படி இல்லை, உலர்ந்த குழிதான். அதனால் மரைக்கு டெஃப்லான் டேப், சிலிகான் எதுவும் சுற்றக் கூடாது. சென்சார் வேலை செய்வதே உலோகத்தோடு உலோகம் ஒட்டி அதிர்வு ஏறுவதால்தான். அது அமரும் இடத்தில் துருவும் மணலும் இல்லாமல் பித்தளை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

கையால் மரை பிடித்து, 20 நியூட்டன் மீட்டர். கூட்டினால் உள்ளிருக்கும் படிகம் விரியும், குறைத்தால் காது மந்தமாகும். ஹார்னஸைக் குத்தும்போது உட்காரும் சொடுக்கு விரலில் தெரிய வேண்டும். ரப்பர் மூடியைச் சுற்றிலும் சமமாக அமுக்குங்கள்.

மேனிஃபோல்டை இறக்கும் முன் அதே கனெக்டரில் மறுபடி ஓம் பாருங்கள். இரண்டும் 100-ஐ ஒட்டி வந்தால்தான் அடுத்த படி. எல்லாம் பூட்டிய பிறகு தெரிந்தால் ஒரு நாள் வேலை வீண்.

#9 கேரேஜ்மூலை

பின் குழியில் தண்ணீர் வராமல் இருக்க ரப்பர் மூடியைச் சுற்றி முழு வட்டமாக சிலிகான் அப்பிவிடலாமே? எளிய வழி.

#10 எட்டு எம்எம், ஹூஸ்டன்

வேண்டாம் நண்பரே. இந்த இழையில் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். சென்சார் தானாகச் சாவதில்லை, தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. இன்ஜினைக் கழுவும்போது மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் தண்ணீர் நடுப் பள்ளத்தில் தேங்கி, பின் குழியின் ரப்பர் மூடி வழியாக இறங்குகிறது. வேளாவேளைக்குச் சூடாகிக் குளிரும் இன்ஜின் காற்றிலிருக்கும் ஈரத்தையும் அங்கேயே வியர்வையாகக் கட்டும்.

முழு வட்டமாக அடைத்தால் வெளித் தண்ணீர் நிற்கும், உள்ளே கட்டும் ஈரம் வெளியேற வழியிராது. புதுச் சென்சார் அதே துருவில் நிற்கும். ஜிஎம் தன் டீலர்களுக்கு அனுப்பிய சேவைக் குறிப்பில் சொன்ன வழி, குழியைச் சுற்றி சிலிகானில் ஒரு வரப்புக் கட்டுவது. குதிரை லாட வடிவில், முன்னும் பக்கங்களும் மூடி, பின்பக்கம் இடைவெளி விட்டு. வயலுக்கு வரப்புக் கட்டி மடை விடுவது போலத்தான். ஓடி வரும் நீரை விலக்கிவிடும், உள் ஈரம் மடை வழியாகப் போய்விடும். வரப்பு மேனிஃபோல்டின் அடியைத் தொடும் அளவுக்கு உயரக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிலிகான் ஒட்டாது, பிரேக் க்ளீனரால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். தோல் கட்டும் வரை காத்திருந்து பிறகு மேனிஃபோல்டை இறக்குங்கள்.

மணல்காற்று, உங்கள் ஊரில் தூசிக்காக இன்ஜினை பிரஷர் வாஷ் செய்கிற பழக்கம் பரவலாக உண்டு. இனி இந்த வண்டிக்கு அது வேண்டாம். காற்றும் ஈரத் துணியும் போதும்.

#11 யாழ்நிலவன், ஸ்கார்பரோ

வரப்புச் சரி. ரப்பர் மூடிக்குள்ள, கனெக்டரைச் சுத்திக் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைச்சால் இன்னும் நல்லம். பட்டாணி அளவு போதும். உள்ளுக்கு நிறைச்சுத் திணிச்சால் மூடி கீழ இறங்காமல் மேல தள்ளிக்கொண்டே இருக்கும்.

#12 புதுவரவு

மேனிஃபோல்டைத் தொட விருப்பமில்லை. பின் சென்சார் வயரைத் துண்டித்து, நல்லா இருக்கும் முன் சென்சார் வயரையே இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தால் கோட் போய்விடும் என்கிறார்கள். அல்லது 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால்?

#13 திருகுவிசை

ரெசிஸ்டர் வேலைக்காகாது. கணினி எதிர்பார்ப்பது ஓம் மதிப்பை அல்ல, ஓடும் இன்ஜினின் இரைச்சலை. ரெசிஸ்டர் ஊமை.

வயரைப் பிரித்துக் கொடுப்பது விளக்கை அணைக்கலாம், ஆனால் பின் சிலிண்டர்கள் பக்கம் காது இல்லாமல் போகும். சுமை ஏற்றி, சூட்டில், மேடேறும்போது பின் சிலிண்டரில் தட்டினால் அது முன் சென்சாருக்கு மங்கலாகவே கேட்கும். டைமிங் பின்வாங்காது, பிஸ்டன் அடி வாங்கும். இப்போதைய நிலையில் விளக்கு எரிந்தாலும் கணினி டைமிங்கைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டுவேலை அந்தக் காப்பையும் எடுத்துவிடும். மாற்ற நேரமில்லை என்றால் விளக்கு எரியட்டும், பாரம் இழுக்காமல் ஓட்டுங்கள்.

டாஹோவில் 2007-லிருந்து வந்த அடுத்த தலைமுறை இன்ஜினில் ஜிஎம் சென்சார்களைப் பிளாக்கின் வெளிப்பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டது. அந்தத் தட்டைச் சென்சாரை வாங்கி இதில் வெளியே மாட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதன் வகை வேறு, இந்தக் கணினி அதைச் சரியாகப் படிக்காது.

#14 எட்டு எம்எம், ஹூஸ்டன்

பூட்டும் அளவுகள். போர்ட் கேஸ்கெட் எட்டும் புதிது. பழையவை சுருங்கி, குளிர்ந்த ஸ்டார்ட்டில் காற்றை உள்ளே விட்டு பி0171, பி0174 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்னும் கோட்கள்) கொண்டுவருவது இந்த இன்ஜினின் இன்னொரு வாடிக்கை. ஹெட்டின் முகத்தைத் துணியால் மட்டும் துடையுங்கள், சுரண்டக் கூடாது. டேப்பை எடுங்கள், துணியை எண்ணுங்கள்.

போல்ட் மரையைச் சுத்தம் செய்து, 5 மிமீ பட்டையாக த்ரெட்லாக்கர். பத்தையும் கையால் மரை பிடிக்க வையுங்கள். நடுவிலிருந்து வெளியே, குறுக்கு மறுக்காக, முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 10. அவ்வளவுதான். பத்து நியூட்டன் மீட்டர் கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும், இன்னும் கொஞ்சம் என்று மனம் தூண்டும். அங்கேதான் அலுமினிய மரை போகிறது.

ஆயில் பிரஷர் சென்சாருக்கு 20.

பெட்ரோல் லைன் பூட்டியதும் இழுத்துப் பாருங்கள். பேட்டரி கொடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்யுங்கள். பம்ப் ஒவ்வொரு முறையும் ஓரிரு விநாடி ஓடும். டார்ச் அடித்து ரெயிலின் முனைகளைப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

#15 மணல்காற்று, ஷார்ஜா

போட்டாயிற்று. பின் குழியில் இரண்டு விரல் ஆழத்துக்குச் சேறு. வரப்பும் கட்டினேன். பூட்டும் முன் 99.8, 101.2. பெட்ரோல் கசிவில்லை. பி0332 வரவில்லை. ஆனால் ஐடில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பின்பக்கம் மெல்லிய சீறல். இரண்டு பக்கச் சிலிண்டர் வரிசையிலும் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கணினி வழக்கத்தைவிடக் கூட்டியோ குறைத்தோ விடும் பெட்ரோல் சதவீதம்) பிளஸ் 17.

#16 திருகுவிசை

இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறியிருப்பதால் ஒரு போர்ட் கேஸ்கெட் அல்ல. பொதுவான இடத்தில் காற்று உறிஞ்சுகிறது. சீறல் பின்னால் என்பதால் சந்தேகம் மூன்றே. மேப் சென்சாரின் அடி சீல், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி முனை. பூஸ்டர் ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள், சத்தம் மாறவில்லையென்றால் மேப் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். புதுச் சீல் சென்சாரோடு வராமல் மேனிஃபோல்டு ஓட்டையின் விளிம்பில் மடிந்து கிடக்கும். துளி இன்ஜின் ஆயில் தடவிச் சென்சாரின் கழுத்தில் முதலில் மாட்டி, பிறகு நேராக அமுக்குங்கள்.

சூடான இன்ஜின் மேல் கார்பரேட்டர் க்ளீனர் அடித்துக் கசிவு தேடாதீர்கள், தீப்பிடிக்கும்.

#17 மணல்காற்று, ஷார்ஜா

மேப் சீல்தான். பாதி மடிந்திருந்தது. சரி செய்ததும் சீறல் இல்லை, ஐடில் இறங்கிவிட்டது. ட்ரிம் எவ்வளவில் நிற்க வேண்டும்?

#18 திருகுவிசை

ஸ்கேனரில் கோட் அழிக்கும்போதே பழைய ட்ரிம்மும் அழிந்துவிடும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஊரும் நெடுஞ்சாலையுமாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் இருந்தால் சரி. அதோடு நாக் ரிட்டார்ட் எண்ணையும் (தட்டல் கேட்டுக் கணினி டைமிங்கைப் பின்னிழுக்கும் அளவு) பாருங்கள். சீரான வேகத்தில் பூஜ்யம், திடீரென்று மிதிக்கும்போது ஒன்றிரண்டு டிகிரி எட்டிப் பார்த்து உடனே இறங்கினால் சென்சார் கேட்கிறது என்று பொருள். லேசான சுமையிலேயே நான்கைந்து டிகிரி விடாமல் நின்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் ஏதாவது தலை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இன்ஜினில் கடைக்கோடி சிலிண்டர் பக்கத்து போல்ட் உடைவது வழக்கம், அந்த டிக் டிக் சத்தத்தையும் நாக் சென்சார் தட்டல் என்றே எடுத்துக்கொள்ளும்.

#19 யாழ்நிலவன், ஸ்கார்பரோ

கூலன்ட் அளவை நாளைக்குக் காலமை இன்ஜின் ஆறின பிறகு ஒருக்காப் பாருங்கோ அண்ணை. த்ராட்டில் ஹோஸில வடிஞ்சதுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஜிஎம்மின்ர டெக்ஸ்கூல் வகைக் கூலன்டையே விடுங்கோ, பச்சைக் கூலன்டைக் கலக்க வேண்டாம்.